வால்டெமிருவை அடையாளம் காணத் தடை

எங்கள் மாளிகையில் படங்களுக்கு இரண்டே சாதி. இன்னதென்று தெரிகிற படம் ஒன்று, இன்னதென்று தெரியாத படம் இன்னொன்று. தெரிகிறவற்றுக்கு இடப்பக்கக் கூடம், தெரியாதவற்றுக்கு வலப்பக்கக் கூடம். இரண்டுக்கும் நடுவில் கழிப்பறை. எங்கள் கனிண்டே ஊருக்கு அக்டோபர் மாதம் புனித பிரான்சிஸ் திருவிழாவுக்காக லாரி லாரியாக வரும் யாத்ரீகர்கள் அந்தக் கழிப்பறைக்காகத்தான் எங்கள் வாசலில் வரிசையில் நிற்பார்கள். ஆண்டறிக்கையில் அவர்கள் எல்லோரையும் கலை ரசிகர்கள் என்று எழுதுவது என் பொறுப்பு.

மாநிலச் சித்திர வகைப்பாட்டு மாளிகை என்பது முழுப்பெயர். நான் அங்கே குமாஸ்தா. பெயர் எவிலாசியு. படத்துக்குக் கீழே ஒட்டுகிற விளக்கச் சீட்டுகளை டைப் அடிப்பேன். ஒரு பெண்மணிக்கு நான் செய்த அநியாயத்தைச் சொல்ல வந்தவன், அலுவலகத்தைப் பற்றி ஏன் அளந்துகொண்டிருக்கிறேன் என்றால், அந்த அநியாயத்தை நான் தனியாகச் செய்யவில்லை, அரசாங்கமும் கூட நின்றது என்று காட்டிக்கொள்ளும் ஆசைதான். தப்பு செய்தவனுக்கு வழக்கமாக வருகிற ஆசை.

எங்கள் விதிகள் தெளிவானவை. இடக் கூடத்தில் விரலை நீட்டலாம். “இதோ மாடு”, “இதோ மாதா” என்று வாய்விட்டுச் சொல்லலாம். சீட்டு ஒரே வரி. வலக் கூடத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். தலையைச் சற்றே சாய்க்கலாம். சீட்டு நாற்பது வரி. அதை எழுதித் தருகிறவர் பேராசிரியை யூனிசே. ஒரு தடவை நான் கார்பன் தாளைத் திருப்பி வைத்துவிட்டதால் நாற்பது வரியும் முதல் தாளின் பின்பக்கத்தில் இடவலமாக மாறி விழுந்தன. அவசரத்தில் அந்தப் பக்கமே வெளியே தெரியும்படி ஒட்டிவிட்டேன். மூன்று மாதம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தலைநகரிலிருந்து வந்த ஒரு பத்திரிகைக்காரர் மட்டும் அதன் முன் வெகுநேரம் நின்றுவிட்டு, வழக்கத்தைவிடத் தெளிவாக இருக்கிறது என்று எழுதினார்.

இடக் கூடத்தில் தொங்கிய ஒரு மாட்டைப் பார்த்து ஒரு மாடு மேய்ப்பவர், “இதுக்கு அஞ்சு காம்பு இருக்கே” என்று புகார் கொடுத்தார். குழு கூடி இரண்டு நாள் விவாதித்து, இடக் கூடத்தில் இருக்கும் மாடு உத்தரவின்படி மாடு என்று தீர்ப்பளித்தது. வலக் கூடத்தில் மூன்று பச்சைப் பட்டைகள் உள்ள படத்தை இரண்டு ஊர்க்காரர்கள் தங்கள் அணைக்கட்டு என்று கண்டுகொண்டு, தண்ணீர் யாருக்கு என்று அங்கேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் விதி பதினான்கு வந்தது. வலக் கூடத்தில் பார்வையாளர் எவரும் எதையும், யாரையும், அடையாளம் காணக் கூடாது. மீறிக் கண்டவர் அதற்கான படிவத்தை நிரப்பித் தர வேண்டும்.

எங்கள் இயக்குநர் டாக்டர் பெரிக்ளிஸ் சபோயா. எந்தப் பட்டமும் வாங்கியவர் அல்ல. எங்கள் பக்கத்தில் மேஜைக்கு அந்தப்புறம் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் டாக்டர்தான். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவர் ஒரு பாடம் நடத்துவார்.

“நல்லாக் கேட்டுக்கங்க. பார்த்ததும் புரிஞ்சா அது படம். புரியலைன்னா அது கலை. புரியலைன்னு வெளிய சொல்ல வெட்கமா இருந்தா அது பெரிய கலை. நான் முப்பது வருஷமா வெட்கப்பட்டுட்டே இருக்கேன். அதான் இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன்.”

இதை அவர் பெருமையாகவே சொல்வார். நாங்களும் கைதட்டுவோம்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் நான் ஃபோர்த்தலேசா நகரத்தில் ஒரு பட்டறையில் போட்டோவுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். ஏஜென்டுகள் வறண்ட காட்டுப்பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போய், மடிந்து கிழிந்து பூஞ்சை பிடித்த சின்னச் சின்னப் படங்களை வாங்கிவருவார்கள். நாங்கள் அதைப் பெரிதாக்கி, மேலே வண்ணம் பூசி, சட்டம் போட்டுத் தருவோம். வெறும் வண்ணத்தோடு விட மாட்டோம். வாழ்நாளில் செருப்புப் போடாதவருக்குக் கோட்டும் டையும் மாட்டுவோம். காது மூளியாக இருந்தவளுக்குத் தங்கத் தோடு. சவப்பெட்டியில் எடுத்த படம் என்றால் கண்ணைத் திறந்துவிடுவோம். முப்பது வருட இடைவெளியில் செத்த கணவனையும் மனைவியையும் ஒரே வயதில் தோளோடு தோள் சேர்த்து நிறுத்துவோம். இவ்வளவையும் செய்துவிட்டு ரசீதில் ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதுவோம். ஒருவர்கூட மறுத்ததில்லை.

எழுபத்திரண்டாம் ஆண்டு டமியாவ் என்ற ஏஜென்ட் ஒரு கட்டைவிரல் அகலப் படம் கொண்டுவந்தான். கூடவே சீட்டு: ‘ஜெர்சினா, போசு த பெத்ரா கிராமம். கணவர் வால்டெமிரு. நீலக் கோட்டு, டை ஊசி, மீசை உண்டு. சிரிக்க வேண்டாம்.’ அந்த வால்டெமிரு எழுபதாம் ஆண்டு வறட்சியில் அமேசான் காட்டுக்குள் சாலை போடப் போனவர். போனவர் போனவர்தான். உயிரோடு இருக்கிறாரா என்று சொல்ல ஆளில்லை. இருந்த ஒரே படம் அது.

நான் ஒரு பெரிய பிரதி போட்டேன். கழுவும் மருந்து வெயிலில் சூடேறிக் கிடந்ததை நான் கவனிக்கவில்லை. அதன் மேல் கோட்டுக்கு நீலமும், டை ஊசிக்கு ஒரு பொட்டுத் தங்க நிறமும் வைத்துவிட்டு முகத்துக்கு வருவதற்குள் முகம் இளகி வழிந்து இறங்கிவிட்டது. மறுபடி போடலாம் என்று அசலை எடுத்தால் அதில் பூஞ்சை. அதைப் போக்க ஒரு தட்டில் ஊற வைத்துவிட்டு சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது தட்டில் வெறும் வெள்ளைத் தாளும் கலங்கல் தண்ணீரும் இருந்தன.

முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும். எனக்கும் அந்த வால்டெமிருவுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. சுவரில் முகம் மழிக்கிற கண்ணாடி தொங்கியது. என் மூஞ்சியைப் பார்த்து வரைந்து, மீசை வைத்து, நீலக் கோட்டு மாட்டிக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் டமியாவ் வந்து, “அந்தம்மா அழுதுட்டாங்கடா. படத்துக்கு முத்தம் கொடுத்தாங்க. ‘பட்டணத்துக்காரங்க எவ்வளவு அழகாக்கிட்டாங்க எங்க வீட்டுக்காரரை’ன்னாங்க” என்றான். பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் பிறகு என்னால் செரிக்க முடியவில்லை.

வழிந்துபோன பிரதியைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. அதில் எங்கோ ஓர் ஆள் இருந்தான். கலர் போட்டோ வந்து பட்டறை மூடியபோது அதையும் சட்டிபானையோடு கனிண்டேவுக்குக் கொண்டுவந்தேன். என் மேஜைக்குப் பின்னால் ஜன்னல் கண்ணாடி உடைந்திருந்தது. புதுக் கண்ணாடி கேட்டு நான்கு வருடம் விண்ணப்பம் எழுதிவிட்டு, கடைசியில் அந்தப் பிரதியின் அட்டையைப் படுக்கைவாட்டில் வைத்து அடைத்தேன். அவர் முகத்தை மழைப்பக்கம் திருப்ப மனசு கேட்காமல், உட்பக்கம் பார்க்க வைத்தேன்.

ஒருநாள் காப்பி ஆறிப்போய்விட்டது என்று திட்ட வந்த டாக்டர் பெரிக்ளிஸ் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“எவிலாசியு, அது என்ன?”

“சாரல் அடிக்காம இருக்க வெச்சது, டாக்டர்.”

“அது எதுக்குன்னு கேக்கல. அது என்னன்னு கேக்கறேன்.”

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். பட்டறை, பூஞ்சை, முகம் மழிக்கிற கண்ணாடி, எல்லாவற்றையும். கல்யாணமாகாத இரண்டு தங்கைகள் வீட்டில். பழைய திருட்டை யார் ஒப்புக்கொள்வார்கள்?

“தெரியலை, டாக்டர்.”

அவர் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டார். “தெரியலை! பன்னெண்டு வருஷத்துல நீ சொன்ன முதல் நல்ல பதில்.”

அன்று மாலையே குழு கூடியது. ஜன்னலில் இருந்தபடி படுக்கைவாட்டிலேயே வலக் கூடத்தில் மாட்டினார்கள். ‘வழிதல், எண் மூன்று’ என்று பேராசிரியை யூனிசே பெயர் வைத்தார். ஒன்றும் இரண்டும் எங்கே என்று நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். “அதைப் பார்க்கறவங்கதான் தேடணும்” என்றார். நாற்பது வரிச் சீட்டில், இதை வரைந்தவன் முகம் என்ற அடிமைத்தனத்தை உதறியவன் என்று இருந்தது. நான்தான் டைப் அடித்தேன். என் ஜன்னல் வழியாகச் சாரல் அடித்துத் தாள் நனைந்தது.

தொண்ணூறாம் ஆண்டு திருவிழா. கழிப்பறை வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. வரிசையிலிருந்து வழி தவறிய ஓர் அம்மாள், நேர்த்திக்கடன் பழுப்பு அங்கியோடு, வலக் கூடத்துக்குள் நுழைந்துவிட்டார். காவலாளி விசில் ஊதும் சத்தம் கேட்டு நான் ஓடினேன். அவர் ‘வழிதல், எண் மூன்று’ படத்தின் முன் நின்று தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார். விதியில் சொன்ன அளவுக்கு அல்ல. காது தோளில் படும்படி, தலைத்துண்டு நழுவி விழும்படி சாய்த்துக்கொண்டிருந்தார்.

“இது எங்க வீட்டுக்காரர்” என்றார். “வால்டெமிரு. ஏன் இவரைப் படுக்க வெச்சிருக்கீங்க?”

கையிலிருந்த ஃபைலை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டேன். ஏதோ வாசிக்கிறவன் மாதிரி.

“அம்மா, இங்க யாரையும் தெரிஞ்சுக்கக் கூடாது” என்றான் காவலாளி.

“நானா தெரிஞ்சுக்கிட்டேன்? கட்டி வெச்சாங்க.”

படிவம் கொடுக்க வேண்டியவன் நான். அவருக்கு எழுத வராது. பெயர் ஜெர்சினா என்றார். எங்கள் பக்கத்து மரியாதைப்படி முன்னால் ‘தோனா’ சேர்த்து, அவர் சொல்லச் சொல்ல நானே நிரப்பினேன். ஃபைலை இடக்கையில் மறைவாகப் பிடித்தபடி எழுதுவது சிரமமாக இருந்தது.

“கண்ட நபர் உயிரோட இருக்காரா, இறந்துட்டாரா?”

“அதைத்தானே தம்பி நானும் ஊரெல்லாம் கேக்கறேன்.”

“ரெண்டுல ஒண்ணைச் சொல்லணும், தோனா ஜெர்சினா.”

“அப்ப நீயே ஏதாவது ஒண்ணைப் போடு.”

நான் எதையும் போடவில்லை. அடுத்த கேள்விக்கு வந்தேன். எந்த அடையாளத்தை வைத்துக் கண்டீர்கள்?

“இடது தோள் இறங்கியிருக்கு பாரு. தண்ணி சுமந்து சுமந்து அப்படி ஆயிடுச்சு. அப்புறம் அந்த நிக்கிற நிலை. எப்பவும் வாசல் பக்கமா கிளம்பப்போற மாதிரியே நிப்பாரு.”

“முகம்?”

“முகம் எனக்கு மறந்து போச்சு தம்பி. வீட்டுல ஒரு பெரிய படம் இருக்கு, கோட்டுப் போட்டு. அதைப் பார்த்துப் பார்த்து, நெசமான முகம் அழிஞ்சே போச்சு. அந்தப் படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதைப் பார்த்ததும் தோளுல இருந்து குடத்தை இறக்கி வைக்கணும்னு கை தானாப் போகுது பாரு, அது அந்தப் படத்துக்கிட்ட ஒரு நாளும் வந்ததில்ல.”

நான் ‘தோள்’ என்று மட்டும் எழுதினேன். சுவரில் மாட்டியிருந்ததைத் தன் வீட்டுக்குக் கொடுத்துவிடும்படி கேட்டார். அதற்குக் குழு விசாரிக்க வேண்டும். குழு விசாரணைகளை வருடத்துக்கு ஒருமுறைதான் எடுக்கும். “அடுத்த திருவிழாவுக்கு வாங்க. வீட்டுல இருக்கிற படத்தையும் கொண்டுவாங்க” என்று விதிப்படி சொல்லி அனுப்பினேன். அவர் எனக்கு ஒரு துண்டு கருப்பட்டி மாதிரியான ரப்பதூரா கொடுத்துவிட்டுப் போனார். அதை நான் தின்னவும் இல்லை, எறியவும் இல்லை. மேஜை இழுப்பறையில் எறும்பு தின்றது.

ஒரு வருடம் அவகாசம் இருந்தது. தினமும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். தினமும் காப்பியைச் சூடாகக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

அடுத்த அக்டோபரில் அவர் வந்தார். படுக்கை விரிப்பில் சுற்றிய படத்தை லாரியில் இரண்டு நாள் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். குழுவில் மூன்று பேர். இயக்குநர், பேராசிரியை யூனிசே, அப்புறம் ஓய்வு பெற்ற எஞ்சினியர் கிளோடோமிரு. மூன்றாமவர் கூட்டம் தொடங்கியதும் தூங்கிவிடுவார். எண்ணிக்கை குறையாமல் இருக்க அவரை வைத்திருந்தார்கள். குறிப்பெடுப்பது நான்.

விரிப்பை அவிழ்த்தார்கள். பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய நான் நீலக் கோட்டில், மீசையோடு, டை ஊசி பளபளக்க வெளியே வந்தேன். மெழுகுவர்த்திப் புகையில் நெற்றி கொஞ்சம் மங்கியிருந்தது. வாயோரம் உதட்டுச் சாயம் மாதிரி ஒரு கறை. அது என்னவென்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“இதை எங்க மாட்டறது? ஆணி இல்லையே” என்றார் டாக்டர் பெரிக்ளிஸ். “எவிலாசியு, நீ தூக்கிப் பிடி.”

நான் தூக்கிப் பிடித்தேன்.

“இன்னும் மேல.”

மார்புக்கு மேல் உயர்த்தினேன்.

“இன்னும் கொஞ்சம். வெளிச்சம் படட்டும். ஆங், அங்கயே.”

என் கன்னமும் படத்தின் கன்னமும் ஒட்டிக்கொண்டு நின்றன. இரண்டு முகங்கள், நாலு கண்கள், ஒரே மூக்கு இரண்டு தடவை. குழு கூர்ந்து பார்த்தது. பிடிபடப்போகிறேன் என்ற பயத்தோடு, பிடித்துவிட மாட்டார்களா என்ற ஏக்கமும் சேர்ந்துகொண்டது.

பேராசிரியை யூனிசே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓரடி தூரத்தில் வந்து நின்றார். “மலிவான வேலை. இந்தக் கண்ணைப் பாருங்க. உயிரோட இருக்கிற எந்த மனுஷனுக்கும் இப்படிக் கண்ணு இருக்காது” என்றார். அவர் மூச்சு என் காதில் பட்டது.

தோனா ஜெர்சினா நாற்காலியில் நேராக உட்கார்ந்து என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு மடியில் கிடந்த விரிப்பை நான்காக மடிக்கத் தொடங்கினார்.

டாக்டர் பெரிக்ளிஸ் எழுந்து தொண்டையைச் செருமினார். “கேள்வி ரொம்பச் சின்னது. அம்மாவோட கணவர் எப்படி இருந்தார்? இதோ, உள்ளது உள்ளபடி வரைஞ்ச படம். பின்னாடி ஒட்டியிருக்கிற ரசீதுலயே அப்படித்தான் எழுதியிருக்கு. அப்ப இதுதான் கணவர். நம்ம வழிதல் எண் மூணு இதை மாதிரி இருக்கா? இல்ல. ஆகவே அது கணவர் இல்ல. யாராவது மறுக்கறீங்களா?”

“ஐயா, படம் எப்படியோ இருக்கட்டும், அந்தத் தோள்...” என்றார் தோனா ஜெர்சினா.

“தோளா? அம்மா, அதுல தோள் இருக்குன்னு வெச்சுக்குவோம். அப்புறம் கை இருக்கும். கை இருந்தா ஆள் இருப்பான். ஆள் இருந்தா நான் அதை இடக் கூடத்துக்கு மாத்தணும். இடக் கூடத்துப் படத்துக்கு ஒரு வரிதான். நாப்பது வரியை ஒரு வரியாக்க இந்த மாளிகைக்கு அதிகாரம் இல்ல.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. படத்தைப் பிடித்தபடியே சொன்னேன். “டாக்டர், இது அவங்க கணவர் இல்ல. இது நான். நான்தான் வரைஞ்சேன், கண்ணாடியைப் பார்த்து. அவர் படத்தை நான் கெடுத்துட்டேன். அங்க மாட்டியிருக்கிறதுதான் அவரு.”

டாக்டர் பெரிக்ளிஸ் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு இரக்கத்தோடு தலையசைத்தார்.

“உட்காரு, எவிலாசியு. இந்த மாதிரிப் படங்களோட கேடே இதான். எந்தக் குமாஸ்தா பார்த்தாலும் அதுல தன்னையே பார்ப்பான். போன மாசம் என் டிரைவர் அந்த அஞ்சு காம்பு மாட்டைப் பார்த்துக் கண் கலங்கினான்.” அவர் பேராசிரியை பக்கம் திரும்பினார். “இதையும் குறிப்புல சேர்த்துக்கலாம். தெரியற படம் மனசைப் பலவீனமாக்கும்ங்கிறதுக்கு நம்ம ஆபீஸ்லயே சாட்சி.”

“அதோட, வரைஞ்சவன் தன் படத்தைப் பத்திச் சொல்றதை எடுத்துக்கக் கூடாதுன்னு விதி இருபத்தொண்ணு இருக்கு” என்றார் பேராசிரியை. “வரைஞ்சவனுக்கு அதுல எப்பவும் ஒரு பாரபட்சம் இருக்கும்.”

சத்தத்தில் எஞ்சினியர் கிளோடோமிரு விழித்துக்கொண்டார். நேரே எதிரில் இருந்ததைப் பார்த்து முகம் மலர்ந்தார். “அட, நம்ம எவிலாசியு! கோட்டெல்லாம் போட்டு... கல்யாணமா? எப்போ?”

“ஐயா, நீங்க தூங்குங்க” என்றார் டாக்டர் பெரிக்ளிஸ். அவர் தூங்கினார்.

தீர்ப்பை நானே டைப் அடித்தேன். மனு தள்ளுபடி. ஒப்பிட்டுப் பார்த்து ஒற்றுமை இல்லை என்று நிறுவப் பயன்பட்டதால், கோட்டுப் போட்ட படம் கோப்பின் இணைப்பாக மாளிகையிலேயே வைத்துக்கொள்ளப்படும். இடக் கூடத்தில் இடம் ஒதுக்கப்படும். ‘அடையாளம் தெரியாத ஆண்’ என்று ஒரு வரி. ‘வழிதல், எண் மூன்று’ படத்தின் சீட்டில் நாற்பத்தோராவது வரி ஒன்று கூடும்: இந்தப் படைப்பின் சக்தி எத்தகையது என்றால், கிராமத்துப் பெண்ணொருத்தி இதைத் தன் கணவன் என்றே மயங்கினாள்.

தோனா ஜெர்சினா கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரலை வைத்தார். “ரெண்டு பேரையுமே வெச்சுக்கறீங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றார்கள். விரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

குழுவுக்குக் காப்பி கொடுக்க வேண்டிய நேரம். கொடுக்காமல் வெளியே ஓடினேன். சதுக்கத்தில் யாத்ரீகர் லாரிகள் கிளம்பத் தயாராக நின்றன. நான்காவது லாரியில், பலகையின் ஓரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஏழெட்டுப் பெண்கள், எல்லோரும் பழுப்பு அங்கியில், முட்டிமேல் மூட்டைகளோடு.

“தோனா ஜெர்சினா, நான் உள்ள சொன்னது...”

“நீ சொல்றதுக்கு முன்னாடியே தெரியும். படத்தைத் தூக்கிப் பிடிச்சியே, அப்பவே. மீசைதான் இல்ல. முடியும் போயிடுச்சு.”

“என்னை மன்னிச்சிடுங்க.”

“அது அப்புறம். முதல்ல எனக்கு ஒண்ணு சொல்லு.” அவர் குனிந்தார். லாரிச் சட்டத்தைப் பிடித்திருந்த என் கைமேல் அவர் கை பட்டது. சொரசொரவென்று இருந்தது. “உன்கிட்ட நான் எல்லாத்தையும் சொல்லியிருக்கேன், தெரியுமா? பொண்ணு பிறந்து பதினோராம் நாள் போனதைச் சொன்னேன். ஆடு விக்கலாமான்னு கேட்டேன். திட்டியிருக்கேன். வாயில முத்தம் கூடக் கொடுத்திருக்கேன், புனித பிரான்சிஸ் என்னை மன்னிக்கணும். அதெல்லாம் போகட்டும். படம் வந்த மூணாம் வருஷம் ஒட்டாசிலியு வந்தாரு. பக்கத்து ஊரு. நல்ல மனுஷர், குடிக்க மாட்டாரு. ‘வால்டெமிரு இனி வர மாட்டாரு, என்னோட வந்துடு ஜெர்சினா’ன்னாரு. நான் ஒரு நாள் டைம் கேட்டேன். படத்துக்கு முன்னாடி நின்னு, போகட்டுமா வேணாமான்னு கேட்டேன்.”

நான் லாரியை இன்னும் ஒட்டி நின்றேன்.

“அந்தக் கண்ணு ‘இரு, இதோ வரேன்’னு சொல்ற மாதிரியே இருந்துச்சு. காலையில கேட்டேன், அதே. விளக்கு வெச்சுக் கேட்டேன், அதே. சரி, இவரு வரேங்கிறாருன்னு ஒட்டாசிலியுவை மாட்டேன்னுட்டேன். சொல்லு, நீ யாரைப் பார்த்து அப்படிச் சொன்னே?”

பொய் சொல்லலாம். யாரையும் இல்லை, அது வெறும் பழக்கத்தில் வரைந்தது என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பிற்பகல் எனக்கு நன்றாக நினைவிருந்தது.

“ஏஜென்ட்டை. டமியாவ். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எனக்குப் பின்னால வாசல்ல நின்னு கத்திட்டிருந்தான். கண்ணாடியில அவனைப் பார்த்து ‘இரு, இதோ வரேன்’னேன். அந்தப் பார்வை நல்லா வந்துச்சுன்னு அப்படியே வரைஞ்சுட்டேன். அன்னிக்கு அதுல எனக்குப் பெருமை கூட.”

டிரைவர் ஹாரன் அடித்தான். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

“ஒட்டாசிலியு?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“வேற ஒருத்தியைக் கட்டிக்கிட்டாரு. ஏழு பிள்ளைங்க. போன ஜூன்ல செத்துப் போனாரு. நானும் போயிருந்தேன். பின்வரிசையில உட்கார்ந்திருந்தேன்.”

லாரி நகர்ந்தது. நானும் சட்டத்தைப் பிடித்தபடி கூடவே நடந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும். மன்னிப்பு என்ற வார்த்தை ஏற்கெனவே செலவாகிவிட்டது. வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், “இனிமே காத்திருக்க வேண்டாம், தோனா ஜெர்சினா” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். சுவரில் மாட்டிய படத்தைப் பார்க்கிறவர் மாதிரி, இமைக்காமல், வெகுநேரப் பழக்கத்தோடு பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த பெண்களிடம் திரும்பினார்.

“கேட்டீங்களாடி?” என்றார். “இப்பச் சொல்றான்.”